குலுக்கலுக்கு முன்பே வெளியேறும் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் தர வேண்டிய 25 சதவீத இலவச இடங்கள் என்று பேச்சு எடுத்தாலே, குலுக்கல் ஒழுங்காக நடந்ததா இல்லையா என்பதிலேயே விவாதம் முடிந்துவிடுகிறது. குலுக்கல் பெற்றோர் கண்ணெதிரே நடப்பது. அங்கே தில்லுமுல்லுக்கு இடம் குறைவு. உண்மையில் தேவைப்படும் குழந்தை அதற்கு வெகு முன்பே வெளியேறிவிடுகிறது. எங்கே, எப்படி என்று கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

2025-26 கல்வியாண்டிலிருந்தே தொடங்கலாம். வழக்கமாக ஏப்ரல் கடைசியில் இணையதளம் திறந்து, மே மூன்றாம் வாரம் வரை விண்ணப்பம் வாங்கி, மாதக் கடைசியில் குலுக்கல் நடக்கும். அந்த ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் இணையதளம் திறக்கவே இல்லை. தேசியக் கல்விக் கொள்கைப்படி பள்ளிகளை மேம்படுத்தும் பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடாததால், இலவச இடங்களுக்கான பங்கும் அடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது; அந்த நிதி வராமல் சேர்க்கை நடத்த முடியாது என்றது மாநில அரசு. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் சொன்னது. சேர்க்கை அறிவிப்பு வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. அப்போது கையாண்ட வழிதான் கவனிக்க வேண்டியது. பள்ளிகளில் சேர்க்கை முடிந்துவிட்டதால், ஏற்கெனவே எல்கேஜியில் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டிய கட்டணத்தைப் பள்ளி திருப்பித் தர வேண்டும் என்றார்கள். ஜூனில் கட்டணம் கட்ட முடிந்தவர் பிள்ளை மட்டுமே அக்டோபரில் இலவச இடத்துக்குத் தகுதி பெற்றது. கட்ட முடியாமல் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் சாப்பாடு இலவசம் என்று இலை எடுக்கும் நேரத்தில் அறிவித்தது போல ஆயிற்று. நிதிச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கதை. இந்த வழிமுறை இன்னொரு முறை வரக் கூடாது. நிதி வரத் தாமதமானாலும் விண்ணப்பத்தையும் குலுக்கலையும் குறித்த காலத்தில் முடித்துவிடலாம். அரசு பள்ளிக்குப் பணம் தருவது எப்படியும் பிறகுதானே!

அடுத்தது இடங்களின் எண்ணிக்கை. சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, பள்ளியில் சேர்க்கை தொடங்கும் நுழைவு வகுப்பின் மொத்த எண்ணிக்கையில் குறைந்தது 25 சதவீதம் என்கிறது. எல்கேஜியில் இரண்டு பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் 80. கால் பங்கு 20. அதே பள்ளி 'ஒரு பிரிவுதான்' என்று கணக்குக் காட்டினால் 10 இடம் சத்தமில்லாமல் காணாமல் போகும். இதைப் பெற்றோரால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் துறையால் முடியும்: முந்தைய ஆண்டு அதே பள்ளியின் எல்கேஜி வருகைப் பதிவு, மாணவர் விவரங்களைப் பதியும் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு காட்டும் எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒரே நாளில் முடிகிற வேலை இது.

நுழைவு வகுப்பு என்ற விஷயத்திலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள். எல்கேஜியில் தொடங்கும் பள்ளியில் இலவச இடம் எல்கேஜிக்கு மட்டும்தான். 'முதல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இரண்டு வருடம் காத்திருந்தால் அந்தப் பள்ளியின் கதவு மூடியிருக்கும். முதல் வகுப்பிலிருந்தே தொடங்கும் பள்ளிகளில்தான் முதல் வகுப்புக்கு விண்ணப்பிக்க முடியும். எல்கேஜி என்றால் ஜூலை 31-க்குள் 3 வயது, முதல் வகுப்பு என்றால் 5 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இனி சான்றிதழ்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன. முதல் இடறல் பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பதிந்த சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்', 'பெண்' என்பதோடு நின்றிருக்கும். ஓராண்டுக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை, அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஏப்ரலில் விண்ணப்பிக்கும்போது நினைவு வந்தால் நாள் போதாது. ஜனவரியிலேயே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. ஆனால் இணையதளத்தின் கட்டாயப் புலத்துக்கு அந்தப் பிரிவு தெரியாது. கோப்பு ஏற்றவில்லையென்றால் அடுத்த பக்கம் திறக்காது.

இரண்டாவது, வருமானச் சான்றிதழ். 2 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த ஆண்டு வருமானம் உள்ளவர்கள் 'நலிவடைந்த பிரிவினர்'. எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி, சீர்மரபினர், ஆதரவற்ற குழந்தைகள், எச்ஐவி பாதிப்புள்ள குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், திருநர், துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகள் ஆகியோர் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்'. இந்த இரண்டாவது பட்டியலுக்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை. சாதிச் சான்றிதழோ உரிய சான்றோ போதும். இது தெரியாமல் எத்தனையோ பேர் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று அலைகிறார்கள். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, 'விஏஓ பரிந்துரைக்காகக் காத்திருக்கிறது' என்ற நிலையிலேயே விண்ணப்பம் கிடக்கும்போது கடைசி தேதி போய்விடுகிறது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அலைச்சலில் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குக் கசக்கும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்கு வருமான வரம்பே இல்லாததால், கட்டடத் தொழிலாளியின் பிள்ளையும், அதே சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் வசதியான வியாபாரியின் பிள்ளையும் ஒரே பெட்டியில் விழுகிறார்கள். கணினி தெரிந்தவர், விடுப்பு எடுக்க முடிந்தவர், தேதி தெரிந்தவர் முதலில் வருகிறார். சாதியை நீக்கச் சொல்லவில்லை. சாதிப் பாகுபாடு வருமானம் கூடினால் ஒழிந்துபோவதும் இல்லை. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக வரும் பள்ளிகளில் முதல் சுற்றுக் குலுக்கலை 2 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நடத்திவிட்டு, மீதி இடங்களை அடுத்த சுற்றில் வைத்தால் போதும். இந்தச் சுற்றுக்கு வருமானத்தைப் பார்க்கக் குடும்ப அட்டையின் வகையை எடுத்துக்கொள்ளலாம். புதிதாக இன்னொரு சான்றிதழுக்கு விரட்டக் கூடாது.

மூன்றாவது சிக்கல் 1 கிலோமீட்டர். தொடக்க வகுப்புகளுக்கு வீட்டிலிருந்து 1 கி.மீ. சுற்றளவில் உள்ள பள்ளிகளுக்கே விண்ணப்பிக்க முடியும்; அதிகபட்சம் 5 பள்ளிகள். இணையதளத்தில் வரைபடம் வரும், வீடு இருக்கும் இடத்தில் குறி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பிக்கும்போது குறி தானாகவே அந்தக் கடை இருக்கும் இடத்தில் போய் நிற்கும். அவசரத்தில் அதை நகர்த்தாமல் அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். பட்டியலில் வருவது கடைக்கு அருகிலுள்ள பள்ளிகள். பிறகு சரிபார்ப்பில் முகவரி பொருந்தவில்லை என்று தள்ளுபடி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: ஆதாரில் சொந்த ஊர் முகவரி, குடியிருப்பதோ திருப்பூரிலோ ஆவடியிலோ. ஆதாரில் முகவரி மாற்றுவதை விண்ணப்பம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே செய்துவிட வேண்டும். வீட்டருகே இருக்கும் பள்ளி பட்டியலில் வரவில்லையென்றால் அது சிறுபான்மையினர் பள்ளியா என்று பாருங்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அவற்றுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது.

இடம் கிடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இல்லை, 'மற்ற கட்டணம்' தொடங்குகிறது. புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, வேன் என்று ரசீதில் ஒவ்வொன்றாக வரும். சில இடங்களில் ரசீதே வராது. இந்தக் குழந்தைகளின் சீருடை, புத்தகம், நோட்டுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. பள்ளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: அரசு தருவது தன் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதுதான். அதுவும் குறித்த காலத்தில் வருவதில்லை. சிறிய நர்சரி பள்ளிக்கு இந்தத் தாமதம் ஆசிரியர் சம்பளத்தில் கை வைக்கும். அதற்காக வேலைக்காரம்மாவின் பிள்ளையிடம் வசூலிப்பது தீர்வாகாது. பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தொகையானாலும் எதற்கு என்று எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரசீது இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) புகார் நிற்கும்; 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பதியலாம். சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு வைத்தாலும் இதே வழிதான். 13-வது பிரிவின்படி பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்த்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம்.

கடைசியாக, எட்டாம் வகுப்பு. சட்டம் அத்தோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி முழுக் கட்டணம் கேட்கும், கேட்க உரிமையும் உண்டு. அப்போது அரசுப் பள்ளிக்கு மாறுவதை அவமானமாக நினைத்துக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 6 முதல் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும், மாணவிகளுக்கு உயர்கல்வி உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இடம் உண்டு. ஆனால் 'கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் படித்தவர்' என்று பள்ளி எழுதித் தர வேண்டும். நான்கு வருடம் கழித்துக் கேட்டால், தலைமை ஆசிரியர் மாறியிருப்பார், பதிவேடு கிடைக்காது என்பார்கள். எட்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே இந்தச் சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயர் இந்த ஒதுக்கீட்டில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இந்தக் குறிப்பை மாற்றுச் சான்றிதழிலேயே அச்சிடுமாறு பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இந்த அலைச்சலும் இருக்காது.

இப்படிக்கு,
சேர்க்கை விண்ணப்பங்களில் பெற்றோருக்கு உதவிவரும் வாசகர்,
மதுரை.