கொட்டேசன் பார்த்தேன், பிள்ளை

அன்புள்ள குஞ்சுக்கு,

பிளாட்டை விற்றுப் புது வீடு வாங்கிக் கொடுக்க லோயர்மார் கேட்கிற கூலி என்று நீ அனுப்பிய மூன்று கொட்டேசனையும் அச்சடித்துச் சமையலறை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதுதான் வேலை. என்ன கணக்கு என்று அம்மா கேட்டார். பிள்ளையின் வீட்டு விஷயம் என்று மட்டும் சொன்னேன்.

முதலாவது, வீட்டு ஏஜென்ட் பிடித்துத் தந்த லோயருடையது. விற்க 499, வாங்க 549, ஆக 1,048 பவுண் என்று மேலே பெரிய எழுத்து. அடுத்த பக்கத்தைப் பார்த்தாயா? பிளாட் லீஸ்ஹோல்ட், அதாவது நீண்ட குத்தகையில் உள்ளது என்பதால் 300. மோட்கேஜ் என்கிற வீட்டுக் கடனுக்கு 150. நாங்கள் தருகிற காசுக்கு ‘கிஃப்டட் டிபொசிட்’ என்று 125. வீடு வாங்கும்போது கட்டுகிற ஸ்டாம்ப் டியூட்டி வரிப் படிவம் நிரப்ப 95. காசு அனுப்ப ஒரு தரத்துக்கு 45, இரண்டு தரம். ஆளடையாளம் பார்க்க 40. எல்லாம் கூட்டி 20 வீதம் வற் வரியும் போட்டால் 2,217 பவுண் 60 பென்ஸ். இரண்டாவது, ஹரோவில் உள்ள சொலிசிற்றர் கந்தோர்க்காரர். விற்க 850, வாங்க 950, எல்லாம் இதற்குள் அடக்கம் என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். வற்றோடு 2,160. பார்வைக்கு விலை கூடியவர்தான் 57 பவுண் 60 பென்ஸ் மலிவு. பெற்றோல் ஸ்டேஷன் கல்லாவில் பதினெட்டு வருஷம் இருந்தவனுக்கு இந்த விளையாட்டுத் தெரியும். அடியில் உள்ள தொகையைத்தான் பார்க்கவேண்டும், பிள்ளை.

ஏஜென்ட் ஆள் பிடித்துக் கொடுத்தால் அவனுக்கும் பெரும்பாலும் ஒரு பங்கு போகும். அது இந்த நாட்டில் குற்றமில்லை. ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது. எவ்வளவு என்று வாய் திறந்து கேள். மூன்றாவது ஆள் சொலிசிற்றர் இல்லை, லைசன்ஸ்ட் கொன்வேயன்சர், வீடு கைமாற்றுகிற வேலைக்கு லைசன்ஸ் எடுத்தவர். அதில் குறையில்லை, அவர்களும் இதையே படித்துச் செய்கிறவர்கள். மோட்கேஜ் தருகிற வங்கியின் பட்டியலில் இருக்கிறார்களா என்று மட்டும் கேள். இல்லாவிட்டால் வங்கி தன் பக்கத்துக்குப் பிடிக்கிற லோயருக்கும் நீதான் காசு கட்டவேண்டி வரும்.

வீட்டைப் பற்றித் தேடிப்பார்க்கிற சேர்ச் காசு, பெயர் பதிகிற லான்ட் ரெஜிஸ்ட்ரிக் காசு, ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் யாரிடம் போனாலும் ஏறத்தாழ ஒன்றுதான். 360,000 வீட்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டி 8,000. அதை எந்த லோயராலும் குறைக்க முடியாது. ஆனால் விற்பது பிந்தி வாங்குவது முந்தினால், இரண்டாவது வீடு என்று இன்னும் 5 வீதம், 18,000 பவுண், முதலில் கட்டச் சொல்வார்கள். பழையதை மூன்று வருஷத்துக்குள் விற்றால் திரும்பக் கேட்கலாம், சரி. ஆனால் அந்தக் காசு யாரிடம் சும்மா கிடக்கிறது? இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சொல். இன்னொன்று, சேர்ந்து வாழ்கிற கணவன் மனைவியை வரிக்காரர் ஒரே ஆளாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் சொலிசிற்றர் உன்னிடம் சில கேள்வி கேட்பார். கேட்டால் உள்ளதைச் சொல்.

கொட்டேசனில் விற்பவர்கள் இரண்டு பேர், வாங்குபவர் ஒருவர் என்று இருந்தது. மூன்றிலும் அப்படித்தான் இருந்தது. முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன்.

பிளாட்டை விற்க இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். மிச்சக் காசில் யாருக்கு எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுக்காமல் சொலிசிற்றர் அனுப்பமாட்டார். இரண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால் ஒரே சொலிசிற்றர் இருவருக்கும் நிற்கவும் முடியாது. பொதுவாகச் சொல்கிறேன். மருமகன் தம்பிக்கு வேலை குரொய்டனில். நீ வீடு வாங்குகிற மில்டன் கீன்ஸிலிருந்து தினமும் போய்வருவது லேசில்லை. அதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வயதில் உன் சம்பளத்துக்கு மட்டும் வங்கி மோட்கேஜ் தருகிறது என்றால் எனக்குப் பெருமைதான். எனக்கு அப்படி யாரும் தரவில்லை. ஆனால் ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் கொட்டேசனில் பார்த்துத்தான் அறியவேண்டுமா?

ஒரு பெயரில் வாங்குவது பிழை என்று சொல்லவரவில்லை. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

இந்த வீட்டை 2001இல் வாங்கியபோது சொலிசிற்றர் கேட்டார், ஒரு பெயரா இரண்டு பெயரா என்று. அம்மா இரவில் துப்புரவு வேலைக்குப் போய்வந்த காலம். அந்தக் காசும் சேர்ந்துதான் டிபொசிட். பெயர் சேர்த்தால் அவருடைய பேப்பரும் காட்டவேண்டும், இழுபடும் என்று நான் ஒரு பெயர் என்றேன். 2007இல் கடைக்காகத் திரும்ப மோட்கேஜ் எடுத்தேன். கடைக்குப் போன காசு போனதுதான், அது உனக்குத் தெரியும். இது தெரியாது: வங்கி ஒரு தாள் அனுப்பியிருந்தது. வீட்டில் இருக்கிற மற்றப் பெரியவர்கள் தங்கள் உரிமையை வங்கிக்குப் பின்னால் வைக்கச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கவேண்டும். வைக்கமுன் தனியாக ஒரு லோயரிடம் கேட்டுக்கொள்ளவும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அந்த லோயர் 150 பவுண் கேட்டார். எதற்கு வீண் காசு என்று நினைத்தேன். அம்மா தோசை சுட்டுக்கொண்டு நின்றார். வங்கித் தாள், இதில் ஒன்று போடு என்று நீட்டினேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வைத்தார். என்னவென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கட்டி முடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அதற்குள் இரண்டு தரம் தவணை பிந்தியது என்று வங்கியிலிருந்து சிவப்புக் கடிதம் வந்தது. இரண்டையும் அம்மா வருமுன் எடுத்து ஒளித்தேன்.

வீட்டு உறுதியில் இன்றைக்கும் என் பெயர் மட்டும்தான். அம்மாவின் பெயரைச் சேர்க்க ஒரு கொட்டேசன் எடுத்தேன். மோட்கேஜ் முடிந்த வீடு, பெரிய வேலை இல்லை. காசு அதிகம் என்று மேசை லாச்சிக்குள் போட்டேன். நாலு வருஷமாகக் கிடக்கிறது. இன்றைக்கு உன்னுடைய மூன்றோடு அதையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அதிகமில்லை.

ஹரோக்காரரிடமே போ. சொலிசிற்றரின் கணக்கு நம்பர் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதே, உனக்கு முன்பே தெரிந்த நம்பருக்குப் போன் பண்ணிக் கேள். எவ்வளவோ பேரின் வீட்டுக் காசு அப்படித்தான் போனது. அடியில் உள்ள தொகையைப் பார். எங்கள் காசுக்கு, இது கடனில்லை, வீட்டில் பங்கு கேட்கமாட்டோம் என்று நாங்கள் கடிதம் எழுதித் தரவேண்டும். எழுதி வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு மட்டும் எழுதியிருக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாடி அறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார்.

தம்பியின் புத்தகப் பெட்டி இரண்டு எங்கள் கராஜில் இருக்கிறது. வான்காரன் வரும்போது எந்த விலாசம் சொல்லவேண்டும் என்று எழுது.

அப்பா