பெட்டியில் 1200, ஃபைலுக்கு 25

ஆசிரியருக்கு வணக்கம்.

ரூட்டர் வாங்குவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. இப்போதைய வைஃபை நொடிக்கு 1200 மெகாபிட் போகிறது, கம்ப்யூட்டரை ரூட்டரோடு இணைக்கும் ஈதர்நெட் வயரோ 1000தான், ஆகவே இனி வயரே வேண்டாம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார்கள். சிரிப்பு வந்தது, ஏனென்றால் போன மாதம் இதே கணக்கைப் போட்டு ஏமாந்தவன் நான்.

பழைய லேப்டாப்பில் இருந்த போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 180 ஜிபி. புது கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே அறையில், ரூட்டர் கண்ணெதிரே. ஆனாலும் நொடிக்கு 25 மெகாபைட்டைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. மொத்தமாக 2 மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. நண்பர் ஒருவர் இன்டர்நெட் பிளானை மாற்றிப் பார் என்றார். வீட்டுக்குள்ளேயே ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகிற ஃபைலுக்கும் பிளானுக்கும் என்ன சம்பந்தம்?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரூட்டர் பெட்டியில் போடுவது மெகாபிட், காப்பி ஆகும்போது திரை காட்டுவது மெகாபைட், 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 மெகாபைட், ஆகவே 8ஆல் வகுக்க வேண்டும். அப்புறம், என் லேப்டாப் வைஃபை 5 காலத்தது, அதன் உச்சமே 866 மெகாபிட். அதுவும் சிக்னல் ஓடும் வேகம்தான், ஃபைல் ஓடும் வேகம் இல்லை, ஏனென்றால் ஒரு சேனலில், அதாவது வைஃபை ஓடும் ஒரு அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அனுப்பியது வந்து சேர்ந்தது என்று எதிர்முனை சொல்வதற்கும் அதே காற்றில்தான் நேரம் ஒதுக்க வேண்டும். இதிலேயே ஏறக்குறைய பாதி போய்விடும். இரண்டு கம்ப்யூட்டரும் வைஃபையில் இருந்தால் கதை இன்னும் மோசம். ஃபைல் லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒரு தடவை, ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மறு தடவை, இரண்டும் ஒரே சேனலில் போகும். பாதியில் பாதி. 866ஐ நான்கால் வகுத்து, திரும்ப 8ஆல் வகுத்துப் பாருங்கள், 27 வரும். என் 25க்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சரி என்று பரணில் கிடந்த வயர்களை எடுத்து இரண்டு கம்ப்யூட்டரையும் ரூட்டரில் செருகினேன். வந்தது 11 மெகாபைட்! வைஃபையை விடக் குறைவு. இங்கேதான் பலர் 'வயரும் அவ்வளவுதான்' என்று கழற்றி வீசிவிடுவார்கள், நானும் கிட்டத்தட்ட வீசிவிட்டேன். கடைசியாக நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகத்தைப் பார்த்தால் லேப்டாப் பக்கம் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருக்கிறது. லேப்டாப்பில் செருகிய அந்த வயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பல கருவிகள் ஒன்றும் சொல்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். வயரை விரலால் தடவிக்கொண்டே போனதில், எப்போதோ கதவிடுக்கில் மாட்டி நசுங்கித் தட்டையான இடம் கையில் பட்டது. வேறு வயர் போட்டதும் 112 மெகாபைட். வீடியோக்கள் அரை மணி நேரத்துக்குள் முடிந்தன. போட்டோக்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் என்பதால் இழுத்தன, வயரிலும் அது அப்படித்தான், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடும் நேரம் இருக்கிறதே.

வைஃபையைக் குறை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையே அதில்தான் அனுப்புகிறேன். ஒரு முனையையாவது வயரில் போட்டாலே ஃபைல் காற்றில் இரண்டு தடவை போக வேண்டியதில்லை, ஒரு வயர் மட்டும் இருப்பவர்கள் அதையாவது செய்யலாம். அடுத்த முறை ரூட்டர் பற்றி எழுதும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு 10 ஜிபி ஃபைலைக் காப்பி செய்து பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்