கொழும்புக் கமராக் கடைக்காரர்களுக்கு ஒரு சைக்கிள்காரனின் திறந்த மடல்

பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் கமரா விற்கும் முதலாளிமாருக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைமாருக்கும்,

வணக்கம். சைக்கிளில் பூட்ட ஒரு அக்‌ஷன் கமரா வேண்டும் என்று கேட்டு வந்தால், "இது 5.3கே, அது வெறும் 4கே" என்று, படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறீர்கள். அதை விடுங்கள். பின்னேரம் ஆறரை மணிக்குக் காலி வீதியில் அந்தக் கமரா எதைக் காட்டும் என்று சொல்லுங்கள்.

2022இல் பெற்றோல் வரிசைக்குப் பயந்து சைக்கிள் ஏறியவர்களில் கொஞ்சப் பேர் இன்னமும் இறங்கவில்லை. ஞாயிறு காலையில் பத்தரமுல்லைப் பக்கம் ஓடிவிட்டு வீடியோ போடுகிறவர்களைப் பற்றி நான் கதைக்கவில்லை. அந்த வெயிலில் எந்தக் கமராவிலும் படம் வடிவாகத்தான் வரும். வேலை முடிந்து வீடு திரும்பும்போது ஒரு பஸ் உரசிக்கொண்டு போனால் அதன் இலக்கத்தகடு தெரிய வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை.

இங்கே வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடுகிறது. வெளிச்சம் குறையக் குறைய, வீடியோவின் ஒவ்வொரு படத்துக்கும் கமரா கூடுதல் நேரம் ஒளியை வாங்கும். 1/30 செக்கன் என்று வையுங்கள். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் எங்களைக் கடக்கும் வாகனம் அதற்குள் 33 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். தகட்டில் இருக்கும் எழுத்தெல்லாம் மஞ்சள் கோடாக இழுபட்டுப் போகும். 4கே என்றால் அதே கோடு இன்னும் பெரிதாகத் தெரியும்! 2018இல் கோப்ரோ ஹீரோ 7 பிளாக்கோடு வந்த ஹைப்பர்ஸ்மூத் போன்ற ஸ்டெபிலைசேஷன், படத்துக்குப் படம் வரும் ஆட்டத்தைத்தான் அடக்கும். ஒரு படத்துக்குள்ளேயே இழுபட்டதை அதனால் திருத்த முடியாது. ஆகவே முதலில் சென்சரின், அதாவது உள்ளே ஒளியை வாங்கும் சிப்பின், அளவைச் சொல்லுங்கள். அது பெரிதென்றால் குறைந்த நேரத்திலேயே போதிய ஒளி கிடைக்கும். கோப்ரோ ஹீரோ 12, 13 இரண்டிலும் 1/1.9 அங்குலம். டிஜேஐ ஒஸ்மோ அக்‌ஷன் 4இலும் 5 புரோவிலும் 1/1.3 அங்குலம், இன்னும் பெரியது. பின்னேர ஓட்டத்துக்கு என்னைக் கேட்டால், புது ஹீரோவை விட விலை இறங்கிய அக்‌ஷன் 4 போதும் என்பேன்.

இன்னொன்று. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமரா 60இல் இருந்தால் தெரு விளக்குகளின் கீழ் வீடியோ துடிக்கும். விற்கும்போதே செட்டிங்கில் 50க்கு மாற்றிக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

அப்புறம் பட்டரி. பெட்டியில் "4 மணித்தியாலம்" என்று இருப்பதைக் காட்டுகிறீர்கள். அது 4கேயை விடப் புள்ளிகள் குறைந்த 1080பியில், திரையையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, ஆய்வுகூடத்தில் எடுத்த கணக்கு. மத்தியான வெயிலில் பொரளைக் கலர் லைட்டில் காற்றில்லாமல் நிற்கும்போது 4கேயில் ஓடும் கமரா நன்றாகச் சுடும். ஓடத் தொடங்கினால் காற்றுப் பட்டு ஆறும். தினப்படி ஓட்டத்துக்கு 1080பியும், பழையதை அழித்துக்கொண்டு தொடர்ந்து பதியும் லூப் முறையும் போதுமென்று நீங்களே சொல்லலாம். மெமரி கார்ட்டும் அப்படித்தான். செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜீபீ போகும், 64 ஜீபீ கார்ட் ஒன்றரை மணித்தியாலம் கூடத் தாங்காது. வீ30 (செக்கனுக்கு 30 மெகாபைட்டாவது எழுதும்) என்று போட்ட நல்ல கார்ட் ஒன்றைக் கையில் கொடுங்கள். யாரும் கேள்விப்படாத பெயரில் மலிவாக வருவதைத் தள்ளிவிடாதீர்கள்.

ஜிபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டால் "எல்லாம் இருக்கு" என்று ஒரு பதில் வருகிறது. 2023இல் வந்த ஹீரோ 12இல் அது இல்லை. 2024இல் ஹீரோ 13இல்தான் திரும்பி வந்தது. வீடியோவின் மேல் வேகத்தைக் காட்ட ஆசைப்படுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

லட்சம் ரூபாய் தாண்டிய கமராவை விற்றுவிட்டு, அதைச் சைக்கிளில் பூட்ட ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைத் தருவதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். ஹேண்டிலின் தடிப்பை யாரும் கேட்பதில்லை. புது ரேஸ் சைக்கிள்களில் நடுப்பகுதி 31.8 மில்லிமீற்றர், சாதாரண லுமாலா சைக்கிளில் அதைவிட ஒல்லி. கிளாம்ப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் கமரா தலையாட்டும், ஒரு நாள் கழன்றே விழும். உலோகக் கிளாம்ப், உள்ளே வைக்க ஒரு ரப்பர் துண்டு, காப்புக்கு ஒரு கயிறு, இந்த மூன்றும் அலுமாரியில் இருக்கட்டும்.

ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கமராவின் கண்ணாடியில் ஈரம் படியும், மெரைன் டிரைவ் காற்றில் உப்பு ஏறும், ஓடி வந்ததும் மூடிகளை இறுக்கி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இவற்றையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுங்கள். வாரண்டி கம்பனியுடையதா கடையுடையதா என்பதையும் காசு வாங்க முதல் சொல்லுங்கள், பில்லிலும் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் விற்கும் ஒவ்வொரு மொடலாலும் பின்னேர வாகன நெரிசலை ஐந்து நிமிடம் எடுத்து, வெட்டாமல் கொத்தாமல் கடைக் கணினியில் போட்டு வையுங்கள். வருகிறவர் வீடியோவை நிறுத்தி, தகடுகளை வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும். பம்பலப்பிட்டிக் கடைக்காரர்கள் அதற்காகத் தூரம் போகவும் தேவையில்லை.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவன்