தலைச்சுற்றின் காரணம் தேட உதவியவர்களுக்கு

திருகோணமலை

அன்புடையீர்,

தலைச்சுற்று உள்ளவர்கள் கிளினிக்குக்குக் கொண்டுபோவதற்கான ஒரு பக்கக் கேள்வித்தாள் முடிந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் உங்கள் வாயிலிருந்து வந்தது. யார் எதைத் தந்தீர்கள் என்று சொல்லித்தான் நன்றி கூற வேண்டும்.

முதலில் கரைவலை இழுக்கும் ஐயாமார். நாங்கள் "தலை சுத்துது" என்று ஒரே சொல்லாக எழுதி வைத்திருந்ததை நீங்கள்தான் பிரித்துத் தந்தீர்கள். வீடே சுழலுவது ஒன்று. எழும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. வள்ளத்தால் இறங்கிய பிறகும் தரை ஆடுவது வேறு. அது பெரும்பாலும் தானாக அடங்கும், நாட்கணக்கில் நின்றால் காட்ட வேண்டும். ஆனாலும் சொல்லை மட்டும் நம்பிக் காரணம் பிடிக்க முடியாது. அதே ஆளை மறுபடி கேட்டால் வேறு சொல் வரும். எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்ற இரண்டுக்கும் பதில் அவ்வளவாக மாறாது. ஆகவே அவையே தாளின் முதற் கேள்விகள்.

படுக்கையில் புரண்டால், அலுமாரி மேல்தட்டை அண்ணாந்து பார்த்தால் சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதா? உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கலாம். இந்தப் பகுதியைச் செய்து காட்டிய இயன்மருத்துவருக்குத் தனி நன்றி. 1952 இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விவரித்த சோதனை இது: கட்டிலில் நீட்டி இருத்தி, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே 20 பாகை தொங்கும்படி சட்டென்று சாய்க்க வேண்டும். சில விநாடி கழித்துக் கண் மேல்நோக்கிச் சுழன்று துடித்தால், கீழே இருக்கும் காதுதான் கோளாறு. பிழைப்பது எங்கே என்றும் அவர் காட்டினார். மெதுவாகச் சாய்த்தால் துகள் அசையாது. நோயாளி பயத்தில் கண்ணை மூடினால் பார்க்க வேண்டியது தெரியாது. சுற்றத் தொடங்கியதும் எழுப்பிவிட்டால் அரைகுறைதான்.

துகளைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுபோவதற்கு எப்லி என்ற வைத்தியரின் முறை. வலக்காது என்றால் அதே சாய்ந்த நிலையில் தொடங்கி, தலையை இடப்பக்கம் 90 பாகை திருப்ப வேண்டும். பிறகு உடம்போடு இடப்பக்கம் புரண்டு மூக்கு நிலத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 30 முதல் 60 விநாடி. கடைசியில் கால் தொங்க எழும்பி இருத்தல். கழுத்து, முள்ளந்தண்டு வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் முயலக் கூடாது. இந்தத் துகள் எக்ஸ்ரேயிலும் எம்ஆர்ஐயிலும் தெரியாது. அப்படியிருக்க, எத்தனை பேர் "கழுத்தெலும்புத் தேய்வு" என்று படத்தோடு திரிகிறார்கள்!

பிறஷர் பகுதியை வெட்டித் திருத்திய தாதியக்கா, இருத்தி வைத்து ஒருமுறை அளப்பது போதாது என்றீர்கள். 5 நிமிடம் படுத்த பிறகு ஒன்று, எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் கண் இருட்டுவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. நோன்பு காலத்தையும் சேர்க்கச் சொன்ன கிண்ணியா உறவுகளுக்கு நன்றி. நீர் போகும் குளிசை, சீனிக் குளிசை இரண்டின் நேரத்தையும் நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு மாற்ற வேண்டும். சுற்றும்போது சீனி 70க்குக் கீழ் என்றால் நோன்பை முறித்து இனிப்புக் குடிக்க வேண்டும்.

பாமசித் தம்பி சொன்னதை அப்படியே போட்டிருக்கிறோம்: குளிசைப் பை முழுவதையும் கொண்டு போங்கள். சிறுநீர் இலகுவாகப் போகத் தரும் டாம்சுலோசின்கூட எழும்பும்போது தலை சுற்ற வைக்கும். தலைச்சுற்றை அடக்கத் தரும் ஸ்டெமெட்டில் குளிசை முதல் சில நாட்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் போட்டால் மூளை சமநிலையைப் பழகிக்கொள்வது தாமதமாகும், வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் வரலாம்.

காது இரைச்சலும் அடைப்புமாகச் சுற்று 20 நிமிடத்திலிருந்து 12 மணித்தியாலம் வரை நீடித்தால் மெனியர் என்ற உட்காது நோயை நினைத்துக் கேள்திறன் சோதனை செய்ய வேண்டும். ஒரு காது திடீரென்று கேளாமல் போனால் அன்றைக்கே வைத்தியசாலை. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலையிடி இல்லாமலும் சுற்று வரும்.

கடைசிக் கட்டத்தைப் பெரிய எழுத்தில் போடவைத்தது ஆட்டோ அண்ணாமார். பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணல், பிடிக்காமல் நிற்க முடியாமை, திடீர்க் கடும் தலையிடி: இவற்றில் ஒன்று சுற்றோடு வந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். "கைகால் நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்க வேண்டாம். சிறுமூளையில் வரும் பக்கவாதத்தில் கைகால் பலம் குறையாமலும் இருக்கும், முதல் சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

செய்முறைக்குக் கட்டில் தந்த உப்புவெளி வீட்டாருக்கு: தலை தொங்குவதற்காகத் தலைமாட்டுப் பலகையைக் கழற்றவிட்டீர்கள். வரும் ஞாயிறு பூட்டித் தருகிறோம். நான்கு ஆணியும் பத்திரமாக இருக்கின்றன.