வெற்றிக் கணக்கோடு ரன் வித்தியாசத்தையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியாகும் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் பட்டியலில் வெற்றி, தோல்வி, வெற்றி விழுக்காடு ஆகியவை மட்டுமே இடம்பெறுகின்றன. ஓர் அணி எடுத்த ரன்களிலிருந்து விட்டுக்கொடுத்த ரன்களைக் கழித்து வரும் ரன் வித்தியாசத்தையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் முதல் முப்பது, நாற்பது ஆட்டங்கள் முடிந்திருக்கும் வேளையில், ஓர் அணி இனி எப்படி ஆடும் என்பதை வெற்றி எண்ணிக்கையைவிட இந்த எண்ணே நன்றாகக் காட்டுகிறது.

ஒரே ரன் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களில் திறமையோடு தற்செயலுக்கும் பெரும் பங்கு உண்டு. பந்து ஓரடி தள்ளி விழுந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். 2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 712 ரன் எடுத்து 705 ரன் விட்டுக்கொடுத்தது. வித்தியாசம் வெறும் 7. ஆனாலும் ஒரு ரன் ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி என்று அமைந்ததால் மொத்தம் 93 ஆட்டங்களை வென்றது. மறு ஆண்டு அதே அணி, அதே மேலாளர்; ஒரு ரன் ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்த வெற்றி 85 ஆகக் குறைந்தது. 2016-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 8 ரன் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு 95 வெற்றி பெற்று, 2017-இல் 78-க்கு இறங்கியதும் இதே கதைதான்.

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரம் எளிமையானது. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தவை, விட்டுக்கொடுத்தவை ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி பெற்றிருக்க வேண்டிய வெற்றி விகிதம் ஏறத்தாழக் கிடைக்கும். 2012 ஓரியோல்ஸுக்கு அது 162 ஆட்டங்களில் 82 வெற்றிகளையே தருகிறது. பொதுவாகப் பத்து ரன் வித்தியாசத்தை ஒரு வெற்றிக்குச் சமமாகக் கொள்ளலாம்.

இந்த எண்ணையும் கண்மூடித்தனமாக நம்பக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020 பருவத்தில் மயாமி மார்லின்ஸ் 41 ரன் பற்றாக்குறையோடு பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது; அந்தப் பற்றாக்குறையில் 20 ரன், அட்லாண்டா பிரேவ்ஸிடம் 29-9 என்று தோற்ற ஒரே ஆட்டத்தில் வந்தது. தோல்வி உறுதியான பிறகு, நல்ல பந்துவீச்சாளர்களைக் களைப்படைய வைக்காமல் களத்தடுப்பாளர் ஒருவரையே பந்து வீச விடும் வழக்கமும் வித்தியாசத்தை ஊதிப் பெருக்குகிறது. ஆகவே பருவத் தொடக்கத்தில், ஒரு ரன் ஆட்டங்களின் வெற்றி தோல்வியையும் பக்கத்திலேயே அச்சிட்டால், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ள முடியும். பட்டியலில் இரண்டு கட்டங்கள் கூடினால் போதும். வரும் பருவத்தின் முதல் வாரத்திலிருந்தே இதைச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்