இரவல் வந்த டெலிகாஸ்டருக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களே,

அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் தொடக்க காலப் பாடல்களுக்காக நாம் கூடிய மாலை நல்லபடியாக நடந்து முடிந்தது. மதியம் வாசிக்கக் கிடார் இல்லாமல் நாங்கள் நின்றது உங்களுக்கே தெரியும்; அது எப்படி ஆனது என்று இங்கே மறுபடி எழுத மனம் வரவில்லை. கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது.

முதல் நன்றி, தன் டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்த லைட் மியூசிக் கிடார் அண்ணனுக்கு. முகூர்த்த நாள், இரவு அவருக்கே ரிசப்ஷன் கச்சேரி இருந்தது. அதை இன்னொரு கிடாரில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இதைக் கொடுத்தார். கொடுத்த கையோடு கிளம்பியும் விடவில்லை. பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு .010 செட் (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலத் தடிமன்) ஒன்றைப் புதிதாகப் போட்டார். கம்பி அடிக்கடி அறுவது, கிடாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில், கம்பி உட்காரும் சாடில் என்ற சிறு துண்டில்தான். அங்கே பிசிறு இருந்தால் புதுக் கம்பியும் நிற்காது. அதனால் நைஸ் உப்புத்தாளை மடித்து அந்தப் பள்ளத்தை முதலில் வழவழப்பாக்கினார். முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்றுதான். அதற்கு மேல் போனால் சுற்றுகள் இறுகி இறுகிச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் விரலால் இழுத்துவிட்டு, சுருதி அசையாமல் நிற்கும்வரை சேர்த்தார். பிறகு 12-வது ஃப்ரெட் (கிடார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை): அங்கே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக்கைவிட, அழுத்திய ஸ்வரம் ஏறி ஒலித்தால் சாடில் பின்னால் போக வேண்டும், இறங்கி ஒலித்தால் முன்னால் வர வேண்டும். கடைசியாக, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவை ஃப்ரெட்டுக்குப் பின்னால் ஒட்டி மாட்டி மறுபடியும் சுருதி பார்த்தார். கேப்போ அழுத்தத்தில் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், அந்தக் காலத்து ஜெஃப்புக்குத் துணை ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிடார். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஒரு கம்பி இம்மி பிசகினாலும் ஒளிய இடமில்லை. அப்பா டிம் பக்லி பெயர்பெற்ற பாடகர், அம்மா பியானோவும் செல்லோவும் கற்றவர். அப்பா இறந்தபோது ஜெஃப்புக்கு எட்டு வயது. 1991 ஏப்ரல் 26 அன்று புரூக்ளினின் செயிண்ட் ஆன்ஸ் தேவாலயத்தில் அப்பாவின் நினைவாக நடந்த நிகழ்ச்சியில்தான் நியூயார்க் அவரை முதலில் கேட்டது. கடைசிப் பாட்டில் கம்பி அறுந்துபோக, மீதியை வெறும் குரலில் பாடி முடித்தார். அடுத்த ஆண்டு, நியூயார்க்கின் கிழக்கு வில்லேஜ் பகுதியில் ஷினே என்ற சிறு காபிக் கடையில் திங்கட்கிழமை இரவுகளில் பாடினார். பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் பாட்டும் அமெரிக்கப் பாடகி நீனா சிமோனின் பாட்டும் அங்கே ஜெஃப்பின் ஒரே குரலில் வந்துபோயின. 1992 அக்டோபரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். எல்லோரும் அவருடைய 1994 ஆல்பமான 'கிரேஸ்'-இலிருந்தே தொடங்குகிறார்கள்; எங்களுக்கு அந்தக் காபிக் கடைதான் பெரிது.

அவர் கையில் இருந்த டெலிகாஸ்டரும் இரவல்தான். கிடார் திருட்டுப் போய் நின்றவருக்குத் தன் 1983 மாடலைக் கொடுத்தவர், செயிண்ட் ஆன்ஸ் நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்த ஜனீன் நிக்கோல்ஸ். இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தோம். இரவல் கிடார் என்றால் என்ன என்பது இந்த அண்ணன் வந்த பிறகுதான் உறைத்தது.

ஹம் சத்தத்தை அடக்கிய மைக் செட் அண்ணனுக்கு நன்றி. எர்த் பின்னைப் பிடுங்காமல், ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டில் சொருகி, மேடை விளக்கின் டிம்மரை அணைத்ததே போதுமாக இருந்தது. அரங்கைக் கூடுதல் நேரம் திறந்துவைத்த வாட்ச்மேன் ஐயாவுக்கும், நாற்காலி போட்ட கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும், கேட்காமலே எல்லோருக்கும் காபி போட்டுவந்த அக்காவுக்கும், தாமதத்துக்கு முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்த உங்களுக்கும் நன்றி.

இனி எங்களிடம் ஒரு கிடார், புதுக் கம்பி போட்டு, ஒரு செட் உதிரிக் கம்பியும் கேப்போவும் கேபிளும் பையில் வைத்துத் தயாராக இருக்கும். கச்சேரி அன்று கிடார் இல்லாமல் நிற்கும் யாராக இருந்தாலும், தெரியாதவராக இருந்தாலும், ஒரு போன் போடுங்கள். கொண்டுவந்து சுருதி சேர்த்தும் தருகிறோம்.