பழைய தொகுதியை இடிப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் நகரத்துப் பாடசாலை ஒன்றில், ஓட்டுக்கூரை போட்ட பழைய வகுப்பறைத் தொகுதியை இடித்துவிட்டு மூன்று மாடிக் கட்டடம் எழுப்பலாம் என்று பேச்சு நடக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை; திருகோணமலையில் எந்தப் பழைய பாடசாலைக்கும் இந்தப் பேச்சு ஒருநாள் வரத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு இடம் போதாது என்பது உண்மை. ஆய்வுகூடம் வேண்டும், மலசலகூடம் வேண்டும். அதற்காக இருப்பதை இடிக்கத்தான் வேண்டுமா?

எங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்குப் பெருமைக்குக் குறைவில்லை. விபுலாநந்த அடிகள் 1920களில் இங்கே இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார். ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923இல் தொடங்கியது. ஆனால் பழம்பெருமை பேசிக் கட்டடம் எதையும் காப்பாற்ற முடியாது. கட்டட வேலையோடு காலம் தள்ளியவன் என்பதால் சுவரையும் கூரையையும் பற்றியே எழுதுகிறேன்.

இடிக்கச் சொல்பவர்கள் முதலில் காட்டுவது சுவரைத்தான். “பூச்செல்லாம் பொரிந்து விழுகிறது, இனி இது உதவாது.” பெரும்பாலும் பழுது சுவரில் இல்லை, பிற்காலத்தில் அதன்மேல் பூசிய சீமெந்தில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. நிலத்திலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சீமெந்தைப் பூசி, பளபளப்பான பெயின்டும் அடித்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கடலோர ஊர் என்பதால் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ள, பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கெட்டியான சீமெந்தைப் பூசுவார்கள். அடுத்த மாரிக்கு அதுவும் விழும், இந்த முறை சுவரின் கல்லையும் பெயர்த்துக்கொண்டு. சீமெந்தை உரித்து, ஓரிரு வெயில்காலம் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே மறுபடி பூசினால் போதும். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை சுடும் சூளையைத் திறக்கச் சொல்லவில்லை. அது சட்டப்படி குற்றம், குற்றமாக இருப்பதும் நல்லதுதான். தரையில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு இருக்கிறது. பூசத் தெரிந்த மேசன்மார்தான் குறைந்து போனார்கள்.

அப்புறம் கூரை. ஓட்டை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டஸ் சீட் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது; மலிவு, சுலபம். சுடும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தச் சீட்டுக்குக் கீழே மத்தியானப் பாடம் நடத்திய ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு அதை உடைத்து அகற்றும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது வேறு கதை. பழைய கூரைகளில் பாலை, முதிரை மரங்களைப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் மரம் முழுவதும் கெட்டிருக்காது. சுவருக்குள் புகுந்திருக்கும் முனைகளே உக்கிப் போயிருக்கும், அல்லது கறையான் ஏறியிருக்கும். அந்த முனையை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாம். கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டவும் வேண்டும். 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்தில்தான் கரையேறியது. கட்டு இல்லாத கூரை ஓடாக இருந்தாலென்ன, சீட்டாக இருந்தாலென்ன, காற்று தூக்கும்.

சரி, கூடுதல் இடத்துக்கு என்ன வழி? புதிதாகக் கட்டட்டும், ஆனால் பழையதின் தலையிலோ தோளிலோ ஏற்ற வேண்டாம். கொங்கிறீட் தூணே இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி ஏற்றுவது ஆபத்து. பக்கத்தில் ஒட்டிக் கட்டினாலும் புதிய அத்திவாரம் தன் பாரத்துக்கு ஏற்பக் கீழே இறங்கும். பழையது எப்போதோ இறங்கி முடித்துவிட்டது. இரண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு வரும், மழைநீர் அதற்குள் போகும், பழி பழைய சுவருக்கு வரும். சில அடி தள்ளி, பழைய கூரையின் உயரத்தை அமுக்காத இரண்டு மாடித் தொகுதி ஒன்றைக் கட்டி, கூரை போட்ட நடைபாதையால் இரண்டையும் இணைக்கலாம். தண்ணீர்க்குழாய் தேவைப்படும் ஆய்வுகூடமும் மலசலகூடமும் புதியதில் இருக்கட்டும். இருபக்கமும் ஜன்னலும் முன்னால் விறாந்தையும் உள்ள பழையதில் சாதாரண வகுப்புகள் நடக்கட்டும். பழைய விறாந்தைக்குச் சரிவுப் பாதை ஒன்றும் போட வேண்டும். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இலேயே வந்துவிட்டது.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஒதுக்கீடு வருடத்தின் பின்பாதியில் வந்து சேரும், டிசம்பர் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போகும். அதனால் எங்கள் பக்கம் கூரை கழற்றும் வேலை ஒக்டோபர், நவம்பரில், மாரி தொடங்கிய பிறகு நடக்கிறது. திறந்த சுவரில் ஒரு மாரி இறங்கினால் அதன்பின் அந்தக் கட்டடத்தை யார் பார்த்தாலும் “இடியுங்கள்” என்றுதான் சொல்வார்கள். கூரை வேலையை ஓகஸ்ட் விடுமுறையில் முடிக்க முடியாதென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே மேல்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களே பழமைச் சின்னம் என்று தாமாகக் கணிக்கப்படும். நம் பாடசாலைக் கட்டடங்கள் அதற்குப் பிந்தியவை. தொல்பொருள் என்ற பேச்செடுத்தாலே காணி பறிபோய்விடுமோ என்று இந்த மாவட்டத்தில் பலர் முகம் மாறும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இது பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர்களும் கையிலெடுக்க வேண்டிய விடயம்.

அவர்கள் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன், பழைய கட்டடங்களில் வேலை செய்த பொறியியலாளர் ஒருவர் சுவர், கூரை, அத்திவாரம் மூன்றையும் பார்த்து எழுத்தில் அறிக்கை தரட்டும். திருத்தினால் என்ன செலவு, இடித்துக் கட்டினால் என்ன செலவு என்று இரண்டு மதிப்பீடும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். அதைத் தமிழில் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டி, பெற்றோர் வாசிக்க ஒரு மாதம் விடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.